மணல்மேட்டில் ஏழு கம்புகள்

எண்பதுகளின் நடுவில் பர் துபாயில் ஓர் ஆஸ்திரிய எஞ்சினியர் வீட்டில் வேலை செய்தேன். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து போனவள் நான். எனக்கு முப்பத்திரண்டு வயது. அவர் மனைவி, மேடமுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். கல்யாணத்துக்கு முன் அவர் பனிச்சறுக்குப் பந்தயங்களில் கலந்துகொண்டவர். முழங்கால் முறிந்து அது நின்றுபோனது. ஆனாலும் சறுக்குப் பலகைகளைத் துபாய்வரை தூக்கி வந்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவற்றை ஜீப்பில் ஏற்றி, அல் ஐன் ரோட்டோரத்து மணல்மேட்டுக்கு என்னையும் அழைத்துப்போனார். "என்னால் இனி முடியாது. நீ போட்டுப் பார்க்கிறாயா?" என்று கேட்டார். இரண்டு சாக்ஸ் போட்டதும் அவருடைய பூட்ஸ் எனக்குச் சரியாக இருந்தது.

நேராக இறங்குவது ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. திரும்புவதுதான் வரவில்லை. சிவப்புத் துணி கட்டிய ஏழு கம்புகளைச் சரிவில் இடமும் வலமுமாக மாற்றி மாற்றி நட்டிருந்தார் மேடம்; ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து வளைந்து இறங்க வேண்டும். கம்பை நெருங்கியதும் உடம்பு முழுவதும் அதன் பக்கமே சாயும். விழுவேன். வாயெல்லாம் மணல்.

"தோளைச் சாய்க்காதே. முழங்காலை மட்டும் உள்ளே தள்ளு. இடது பக்கம் திரும்பினால் வலது காலில் நில். நெஞ்சு கீழ்ப்பக்கம் பார்க்கட்டும். கண் அடுத்த கம்பில் இருக்கட்டும்."

கேட்டால் புரிந்தது. கால் கேட்கவில்லை.

டிரைவர் தம்பி ராமநாதபுரத்துக்காரர். "எதுக்குக்கா இந்த வேலை? கால ஒடிச்சுக்கிட்டா விசா குடுத்த கஃபீல் ஊருக்கு அனுப்பிருவான்" என்றார்.

"ஒடஞ்சா பாத்துக்கலாம் தம்பி. இத விடமாட்டேன்" என்றேன்.

அதன்பின் துணி தேய்க்கும்போதெல்லாம் ஒற்றைக் காலில், முழங்காலை மடக்கி நின்றேன். ஒரு சட்டைக்கு வலது கால், அடுத்ததற்கு இடது. தொடை எரியும். விடவில்லை.

குளிர்காலம் முடியும் சமயம் ஐயாவின் ஆபீஸ் நண்பர்கள் பிக்னிக்குக்கு வந்தார்கள். என் காலில் பூட்ஸைப் பார்த்து ஒருவர் சிரித்தார். "முதலில் டீ ஊற்றச் சொல்லுங்கள்."

மேடம் எழுந்து ஃபிளாஸ்க்கைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். "நீ மேலே போ" என்றார் என்னிடம்.

முதல் தடவை நான்காவது கம்பில் விழுந்தேன். சிரிப்பு கேட்டது. பலகைகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, கணுக்கால்வரை புதையும் மணலில் மறுபடி ஏறினேன். மூச்சு அடங்கும்வரைகூட நிற்கவில்லை.

இந்த முறை திருப்பத்தின் வெளிப்பக்கக் காலை அழுத்தி ஊன்றினேன். பலகை தானாக வளைந்தது. நான் சாயவில்லை, கால் மட்டும் எனக்குக் கீழே ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. நான்காவது கம்பு எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. ஏழும் முடிந்து நின்றபோது யாரும் சிரிக்கவில்லை.

மேடம் நொண்டிக்கொண்டே வந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் சொன்னது இதுதான்: "ஆறாவதில் தாமதமாகத் திரும்பினாய்."

"தெரியும் மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறத் தொடங்கினேன்.