விடைத்தாளில் இல்லாத வீக்கம்

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நான் வார்டு உதவியாள். பத்தொன்பது வருஷமாகப் படுக்கை விரிப்பு மாற்றுகிறேன், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறேன், கண்டதையும் துடைக்கிறேன். எதற்கும் எனக்குக் குமட்டாது. டாக்டர் பரீட்சை என்ற பேச்சை எடுத்தால் மட்டும் அந்த இடத்தில் நிற்க மாட்டேன்.

வெளியில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கூத்து தெரியாது. கடைசி வருஷப் பரீட்சைக்கு நிஜ நோயாளிகளை வரிசையாகப் படுக்க வைப்பார்கள். மாணவன் ஒருத்தரைத் தொட்டுப் பார்த்து, கேட்டுப் பார்த்து, என்ன நோய் என்று வெளியூர்ப் பரிசோதகரிடம் சொல்ல வேண்டும். அதற்கு 'நல்ல கேஸ்' தேவை. சீக்கிரம் குணமாகிறவரை யாரும் நல்ல கேஸ் என்று சொல்வதில்லை. நோய் பளிச்சென்று தெரிந்தால், வருஷா வருஷம் அப்படியே இருந்தால், அவர்தான் நல்ல கேஸ்.

என் அக்கா நல்ல கேஸ். அவளைக் கொண்டுபோய்க் கொடுத்தவளே நான்தான்.

அக்கா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைக்குப் பொத்தான் காஜா எடுப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கி வைத்துவிட்டுப் போயிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். எங்கள் வார்டு உதவிப் பேராசிரியரிடம் காட்டினேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கறிக்கடையில் நல்ல துண்டு கிடைத்த மாதிரி ஒரு பூரிப்பு. உள்ளே ஒரு உறுமல் கேட்கிறதாம். மர்மர் என்பார்கள் அதை. இவ்வளவு தெளிவாகக் கேட்டதே இல்லையாம்.

ரத்தக் குழாய் வழியாகப் பலூன் விட்டு வால்வை விரித்தால் அக்கா நன்றாக இருப்பாள் என்றும் அவரேதான் சொன்னார். விரித்துவிட்டால் உறுமல் அடங்கிவிடும். அதனால் பரீட்சை முடியட்டும், உடனே அந்தச் சிகிச்சைக்குப் பெயர் எழுதிவிடுகிறேன் என்றார். முதல் வருஷம் அப்படிச் சொன்னார். இரண்டாம் வருஷமும் அதையேதான் சொன்னார். நாலாம் வருஷம் வரைக்கும் சொன்னார். நானும் தலையாட்டினேன். மேலதிகாரியிடம் வாயைத் திறந்தால் அடுத்த மாதம் பிணவறைக்கு மாற்றிவிடுவார்களே என்ற பயம். சீ, என்ன பிழைப்பு இது!

அக்காவுக்கோ அதில் ஒரு பெருமை வேறு. மாணவர்கள் 'மர்மர் ஆன்ட்டி' என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். எந்த வால்வு, எந்த இடத்தில் உறுமல், நாடி எழுபத்தெட்டு, ஒழுங்காக இருக்கிறது, கால் வீக்கம் இல்லை என்று மொத்த விடையும் அவளுக்கு மனப்பாடம். பயந்துபோய் நிற்கிற பிள்ளையிடம் காதோடு காதாகச் சொல்லிக் கொடுத்துவிடுவாள். அவர்களும் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் ஒற்றிவிட்டு ஒப்பிப்பார்கள். பரிசோதகர் கையில் துறை கொடுத்த விடைத்தாள் இருக்கும். முதல் வருஷம் தயார் செய்தது, தேதி மட்டும் மாறும். சொன்னது தாளோடு ஒத்துப்போனால் பாஸ். போகும்போது அக்கா கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

நாலாம் வருஷப் பரீட்சை அன்றைக்கு அக்கா நன்றாகவே இல்லை. செருப்பு காலில் ஏறவில்லை. பாதம் அப்படி வீங்கிக் கிடந்தது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, பிறகு நின்று நின்று அடிக்கிறது என்றாள். வேண்டாம், திரும்பிப் போகலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. இந்தத் தடவை பெயர் எழுதியே தீருவார் என்று நம்பினாள். படுக்கையில் ஏறியதும் போர்வையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள்.

"வீக்கம் இல்லன்னு தாள்ல இருக்கு. இதப் பாத்தா புள்ளைங்க குழம்பிடும்டி" என்றாள்.

முதலில் வந்த பையனிடம் வழக்கம்போல விடையைச் சொன்னாள். அவன் மணிக்கட்டில் விரலை வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. பரிசோதகர் வந்ததும் நாடி ஒழுங்கு, நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு என்று கணீரென்று ஒப்பித்தான். நன்று என்றார்.

அடுத்து ஒரு பெண் வந்தாள். அக்கா சொல்ல வந்ததைக் கேட்டுக்கொள்ளாமல் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினாள். போர்வையை விலக்கிக் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. இதெல்லாம் விடையில் இல்லை, சொல்லாதே கண்ணு என்று அக்கா கெஞ்சினாள். அந்தப் பெண் சொல்லிவிட்டாள். நாடி தாறுமாறாக ஓடுகிறது, காலில் நீர் கோத்திருக்கிறது, இவருக்கு இன்றே வைத்தியம் வேண்டும் என்றாள்.

பரிசோதகர் தாளைப் பார்த்தார். அக்காவைப் பார்க்கவில்லை. எங்கள் உதவிப் பேராசிரியர் அவர் காதில் ஏதோ சொன்னார். பயத்தில் கற்பனை செய்கிறாள் என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளை ஃபெயிலாக்கிவிட்டார்கள். கால் வீங்கியிருப்பது எனக்குத் தெரியும். இரண்டடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்த நாளை நினைத்தால் என் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

சாயங்காலம் உதவிப் பேராசிரியரைத் தேடிப் போனேன். களைப்பாக இருக்கும், ஓய்வெடுக்கச் சொல், நான் லீவு முடிந்து வந்ததும் பெயர் எழுதிவிடலாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், சீருடைச் சட்டையைக் கையில் வைத்தபடியே அக்கா தையல் மெஷின் மேல் சாய்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டு அவசரப் பிரிவுக்குக் கொண்டு வந்தேன். அங்கே புதுக் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தவன் அந்த முதல் பையன். பாஸாகிப் பயிற்சி டாக்டராக வந்துவிட்டான்.

எங்களைப் பார்த்ததும் அவனுக்கு ஒரே சந்தோஷம். "மர்மர் ஆன்ட்டி! இவங்க கேஸ் எனக்குத் தலைகீழா தெரியும்" என்று பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சொன்னான். எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அக்காவின் கேஸ் சீட்டில் எழுத ஆரம்பித்தான். எட்டிப் பார்த்தேன். எழுபத்தெட்டு. ஒழுங்கு. வீக்கம் இல்லை.

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ தெரியாது. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அக்காவின் மணிக்கட்டில் வைத்து அழுத்தினேன்.

"எண்ணுங்க டாக்டர். முழுசா ஒரு நிமிஷம்."

கால் நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

"இது எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"உங்க பரீட்சை அன்னிலேர்ந்து" என்றேன்.

அதன் பிறகுதான் ஓடினார்கள். பெரிய டாக்டர் வந்தார், ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். இதயத்திலேயே ரத்தம் கட்டிவிட்டது, இனி பலூன் விட முடியாது, ஒரு வருஷம் முந்தி கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று பெரிய டாக்டர் என்னைத் திட்டினார். நாலாம் நாள் அக்கா போய்விட்டாள்.

உடலை வாங்கும்போது சீட்டைக் கையில் கொடுத்தார்கள். எழுபத்தெட்டை அடித்துத் திருத்தியிருந்தான் அந்தப் பையன். நாடி தாறுமாறு, கால் வீக்கம் உண்டு என்று இப்போது எழுதியிருந்தது. எப்போதிலிருந்து என்ற கட்டத்தில், 'இன்று காலை முதல்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தான்.