கன்னத்தால் பார்த்தவர்

என் தம்பியைக் காணாமல் மூன்று நாள் ஆகியிருந்தது. படகுத்துறையில் கட்டுவதற்காக, கொச்சங்காடியில் உள்ள என் பேனர் கடையில் அவன் படத்தை வினைலில் அடித்தேன். மூன்று தடவையும் ரோல் ஒரு பக்கமாக இழுத்து முகம் கோணிக்கொண்டே வந்தது. கோணல் முகத்தைப் பார்த்து யார் அவனை அடையாளம் சொல்வார்கள்?

பிரிண்டிங் மெஷினைப் பார்க்கத் தேவராவிலிருந்து மெக்கானிக் வந்தார். ஒல்லியான மலையாளி, மழையில் நனைந்த சட்டை. மெஷினைத் தொடுவதற்கு முன் ரோலின் இரண்டு முனைகளிலும் கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

"மெஷினுக்குக் கொழப்பம் ஒண்ணுமில்ல சேட்டா. ரோலைத் தரையில நிறுத்தி வெச்சிருந்தீங்களா? ஒரு ஓரம் ஈரம் குடிச்சு வீங்கியிருக்கு."

என் கடை முன்பு மிளகுக் கிடங்காக இருந்தது. மழைக்காலத்தில் தரை கசியும். எனக்குத் தெரியாததல்ல.

"வேற ரோல் இல்லியே," என்றேன்.

அவர் இரண்டு மீட்டர் வெட்டி, வீங்கிய ஓரத்தைப் பிளேடால் நறுக்கிவிட்டு மெஷினில் கொடுத்தார். அடித்து முடியும்வரை குனிந்து, இரு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டே நின்றார். தம்பியின் முகம் நேராக வந்தது.

அந்தப் படத்தின் கீழ் என் எண் இருக்கிறது. தம்பியைப் பற்றிப் பேச இத்தனை வாரத்தில் அழைத்தவர் அந்த மெக்கானிக் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் கேட்கிறார்: "தம்பி வந்தாச்சா, சேட்டா?"