ஒப்படைத்த அட்டை

மன்னாரில் ஒரு அரசாங்கக் கந்தோர் வாசலில் காவலாளி கையை நீட்டினார். "ஐசியை ஒப்படைச்சிட்டுப் போங்கோ, அக்கா."

பைக்குள் அடையாள அட்டையைத் தேடிய விரல்கள் நின்றுவிட்டன. 'ஒப்படைக்கிறது' என்ற சொல்லை நான் முதலில் கேட்டது வங்காலைக் கடற்கரையில். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகிறவர்கள் அடையாள அட்டையை இராணுவக் காவலரணில் வைத்துவிட்டுப் போய், கரைக்கு வந்ததும் வாங்கவேண்டும். அப்பாவின் அட்டையில் மீன்வெடில் ஊறி மணக்கும். "ஏன் அவங்களிட்டக் குடுக்கிறீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"குடுக்கேல்லைப் பிள்ளை, ஒப்படைக்கிறன். குடுத்தால் போனது. ஒப்படைச்சால் திரும்பி வரும்."

கச்சான் காற்று அடித்த ஒருநாள் கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. வீட்டில் அவருடைய படம் ஒன்றுமில்லை. அந்த அட்டையையாவது தரச்சொல்லிக் கேட்க அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு காவலரணுக்குப் போனார். சிப்பாய் பெட்டியைக் கிளறி அட்டையை எடுத்து, முள்ளுக்கம்பிக்கு அப்பால் நின்று காட்டினான். படத்தில் அப்பாவேதான்.

"ஒப்படைச்ச ஆள்தான் வந்து எடுக்கணும்," என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினான். அம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"பயப்பிடாதேங்கோ அக்கா, திரும்பி வரேக்க தருவம்," என்றார் கந்தோர் வாசல் காவலாளி.

"வராட்டி?" என்று கேட்டேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.