ஆளுக்கொரு லாக் ஸ்கிரீன்

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டால், மற்ற விற்பனையாளர்கள் கண்ணாடிக் கதவை நோக்கி ஓடுவார்கள். அவர் மட்டும் எதிர்ப்பக்கமாக நடந்து, காட்சிக்கு வைத்திருக்கும் குளியலறைக்குள் நுழைவார். தண்ணீர் வராத ஷவருக்குக் கீழே நின்றபடி, வந்து இறங்குகிறவர்களை ஒரு பார்வை பார்ப்பார். கட்டைவிரல் போன் திரையை அழுத்திப் பிடிக்கும். இரண்டு தள்ளு, ஒரு தட்டு. வந்தவர்கள் மிதியடியில் காலைத் துடைத்து முடிப்பதற்குள் லாக் ஸ்கிரீன் மாறியிருக்கும். அப்புறம்தான் முகத்தில் சிரிப்பு வரும்.

டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் விற்கும் அந்தப் பெரிய கடையில் அவருக்குப் பதினாலு வருஷ சர்வீஸ். கூட வேலை பார்க்கிறவர்கள் அவரைச் 'சேனல்' என்று கூப்பிடுவார்கள். யார் வருகிறார்களோ அவர்களுக்குத் தகுந்த படம் ஓடும் என்பதால் வந்த பெயர். அவருக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பெயர் வைக்கும் அளவுக்குத் தம்மைக் கவனிக்கிறார்களே என்று உள்ளூர ஒரு திருப்திகூட உண்டு.

போனை மேசைமேல் வைப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். டைல்ஸ் மாதிரிக்கு ஒரு சாண் தள்ளி, திரை மேலே பார்க்க, வாடிக்கையாளருக்கு நேராகத் தெரியும்படி வைப்பார். அவருக்கு அது தலைகீழாகத்தான் தெரியும். விலைப் பேச்சு கொஞ்சம் இறுகும் நேரம் பார்த்து, "மணி என்னாச்சு..." என்று தமக்குள் முனகிக்கொண்டு திரையைத் தட்டுவார். இதற்காகவே கைக்கடிகாரம் கட்டுவதை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கடிகாரம் அலமாரியில் தூங்குகிறது.

சின்னக் குழந்தையோடு வரும் ஜோடிகளுக்கு, முன்பல் விழுந்த அவருடைய மகளின் படம். அவள் இப்போது வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரிக் கடைசி வருஷம் படிக்கிறாள். கடையில் மட்டும் அவளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. ஆர்க்கிடெக்டுகள் வந்தால், எங்கோ இருக்கும் ஒரு வளைவு மாடிப்படி; அதைப் பார்த்து அவர்கள் புருவத்தை உயர்த்தினால், இவரும் கூடவே பெருமூச்சு விடுவார். மேஸ்திரிகளிடம் மட்டும் இந்த வித்தை செல்லாது. "அவங்க செவுத்தையே நம்ப மாட்டாங்க, தட்டித் தட்டிப் பாப்பாங்க. என் படத்தையா நம்பப்போறாங்க?" என்பார். அவர்களுக்கு வெறும் கறுப்புத் திரையும் பெரிய எழுத்தில் மணியும்தான்.

நாய்ப் பிரியர்களுக்காக ஒரு நாயும் உண்டு. அது எதிர்வீட்டு நாய். இவருக்கோ நாய் என்றாலே குலை நடுங்கும்; தம் வீட்டு மூன்றாவது மாடி ஜன்னலில் இருந்து ஜூம் போட்டு எடுத்த படம் அது. ஒரு தடவை ஓர் அம்மாள் அதைப் பார்த்து உருகிப்போய், "அய்யோ செல்லம்! பேரு என்ன?" என்று கேட்டுவிட்டார். இவர் அதற்குத் தயாராகி வரவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார். "மார்பிள்ங்க. வீட்ல செல்லமா மார்பிள்னுதான் கூப்பிடுவோம்." அந்த அம்மாள் கூடம் முழுக்க மார்பிளுக்கே ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "நான் ஏதாவது வாயத் தொறந்து சொன்னேனா? என் போன்ல நான் படம் வச்சிருக்கேன். அவங்களா ஒண்ணு நெனச்சுக்கிட்டா அதுக்கு நான் பொறுப்பா?" இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி அவருக்கே அது நியாயமாகிவிட்டது.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். கேட்டதை எடுத்துக் கொடுக்கிறவருக்குக் கேட்காததை விற்கிறவர் புருஷனாக வாய்த்தார். ஒருநாள் போனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லார் படமும் இருக்கு. என் படம் எந்த கஸ்டமருக்கு?" என்று கேட்டார்.

"உனக்குத் தகுந்த கஸ்டமர் இன்னும் வரல."

"வந்தாச் சொல்லுங்க. அதுவரைக்கும் குழம்பு வைக்கிறேன்."

வீட்டில் மூன்றாவது ஆள் சேனலின் அப்பா. வயது எழுபத்து நாலு. பெரிய அரசாங்கக் கட்டடம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். அந்தச் சின்னப் பெட்டிக்குள் எத்தனையோ அதிகாரிகள் எத்தனையோ ரகசியம் பேசியிருக்கிறார்கள். இவர் மூலையில் நின்று பித்தானைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகம் அப்படியே தங்கிவிட்டது. எதைக் கேட்டாலும் எதைப் பார்த்தாலும் அதில் ஒரு கோடு அசையாது. காலையில் எழுந்ததும் மகனுடைய சட்டையைத் தேய்த்து, காலரை நிமிர்த்தி, நாற்காலி முதுகில் மாட்டிவைப்பார். யாரும் கேட்டுச் செய்வதில்லை, யாரும் வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

விஷயம் அந்த அப்பாவிடம்தான் வந்து நின்றது. ஊரின் மறுபக்கத்தில் கடைக்கு ஒரு கிளை திறக்கப்போகிறார்கள், அதற்குப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. பதினாலு வருஷம் நின்று நின்று கால் நரம்பு புடைத்தவருக்கு, சொந்தமாக ஒரு மேசை, பின்னால் சாய ஒரு நாற்காலி, வாசலில் தம் பெயர் போட்ட ஒரு பலகை. அதை நினைத்தால் இரண்டு கவளத்துக்கு மேல் சோறு இறங்கவில்லை. போட்டிக்கு இருந்தவர் குழாய் செக்‌ஷன்காரர். கெட்டிக்காரர், கொஞ்சம் நேர்மையானவரும்கூட. முடிவு முதலாளியம்மா கையில்.

முதலாளியம்மா வியாழன்தோறும் பதினோரு மணிக்குக் கடைக்கு வருவார். கடையைத் தொடங்கியவர் காலமான அவருடைய அப்பா. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிடும். சேனலுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? வீட்டில் இருந்த தகர டப்பாவைக் கிளறி, தம் அப்பாவின் பழைய வேலை அடையாள அட்டையில் இருந்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் போனில் எடுத்தார். நாற்பது வயது, சுருட்டை முடி, தடித்த மீசை. படம் கொஞ்சம் வெறுமையாக இருப்பதுபோல் பட்டது. போனில் இருந்த அலங்காரச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பூப்போட்டது பொருந்தவில்லை, தங்க வண்ணம் பகட்டாக இருந்தது. ஓரம் மங்கலாகி, மூலையில் ஒரு மெழுகுவர்த்தி எரிகிற சட்டம்தான் முகத்துக்கு எடுப்பாக இருந்தது.

சத்தியமாக, எடுப்பாக இருக்கிறது என்றுதான் அதை வைத்தார். ஆனால் வியாழக்கிழமை அதைப் பார்த்த முதலாளியம்மா அப்படியே நின்றுவிட்டார். "அப்பாவா? எப்பப்பா இது?" என்று மெதுவாகக் கேட்டார். இவர் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார், அவ்வளவுதான். தோளில் ஒரு கை வந்து விழுந்தது. அந்தக் கையின் கனம் சாயங்காலம் வரை அவருக்கு இனித்தது.

அப்புறம் பின்வாங்க முடியுமா? ஏழு வியாழக்கிழமைகள் அப்பா காலை பதினோரு மணிக்குக் காலமானார். மதியம் முதலாளியம்மாவின் கார் கிளம்பியதும் உயிர் பிழைத்தார். மறுநாள் காலை வழக்கம்போல் இஸ்திரிப் பெட்டியின் சூட்டை விரலில் எச்சில் தொட்டுப் பார்த்தார். வீட்டுப் பேச்சை வாயால் கடைக்குக் கொண்டுபோகும் பழக்கம் சேனலுக்கு இல்லாததால் கடையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டிலும் யாருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மின்விசிறிக்குக் கீழே கால் நீட்டிப் படுத்திருந்தபோது அழைப்புமணி அடித்தது. அப்பாதான் போய்த் திறந்தார். வாசலில் கேட்ட குரலுக்குச் சேனல் எழுந்து உட்கார்ந்தார்.

"பக்கத்துல ஒரு கட்டடம் பார்க்க வந்தேன். நல்ல சேதி, போன்ல சொல்ல வேண்டாம், நேர்லயே சொல்லிட்டுப் போலாம்னு தோணுச்சு" என்றபடி முதலாளியம்மா உள்ளே வந்தார். பெரியவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க...?"

"நான் அவனோட..."

"இல்ல, அவங்க அப்பா தவறினதுக்கப்புறம் வீட்ல பெரியவங்கன்னு யாரும் இல்லைன்னு நெனச்சேன். அதான் கேட்டேன்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. பெரியவர் திரும்பி மகனைப் பார்த்தார். சேனலின் தலை குனிந்தது. இந்தத் தடவை அவர் குனியவில்லை, அதுவாகவே குனிந்தது. 'இவருதாங்க எங்கப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. கூடவே அந்த நாற்காலியும் பெயர்ப் பலகையும் வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றன. இந்த நேரத்திலும் அதை நினைக்கிறோமே என்று தம்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. அருவருப்பு ஒரு பக்கம் இருக்க, வாய் திறக்கவே இல்லை.

பெரியவர் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "அவனோட சித்தப்பாம்மா. அண்ணன் போனப்புறம் இங்கதான் இருக்கேன். உக்காருங்க."

முதலாளியம்மா உட்கார்ந்தார். மருமகள் டீ கொண்டுவந்தார். "மாமா, எடுத்துக்குங்க" என்று பெரியவரிடம் தட்டை நீட்டினார். நல்லவேளை, அப்பாவானாலும் சித்தப்பாவானாலும் மருமகளுக்கு மாமாதான். புருஷன் முன்னால் ணங்கென்று வைத்த கோப்பையில் இருந்து பாதி டீ சாசரில் தெறித்தது.

"ஜாடை அப்படியே இருக்கு" என்றார் முதலாளியம்மா.

"கூடப்பொறந்தவங்கன்னா இருக்கத்தானேம்மா செய்யும்."

"புதுக் கிளைய இவருக்கே குடுத்துட்டேன். பெத்தவரு படத்தை முன்னால வச்சுக்கிட்டு வேலை பாக்குறவரு, நம்பிக் குடுக்கலாம்னு தோணுச்சு. உங்க அண்ணன் இருந்து பார்த்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாரு!"

"பார்த்துக்கிட்டுதான் இருப்பாரு" என்றார் பெரியவர்.

"எப்படிப்பட்டவரு அவரு?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். தம்மைப் பற்றி இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. "அதிகம் பேச மாட்டாரு. சட்டை நல்லாத் தேய்ப்பாரு. பையன்னா உசுரு அவருக்கு." டீயை ஒரு வாய் குடித்தார். "மத்தபடி சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைம்மா."

சேனல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் இருக்கிற அத்தனை டைல்ஸையும் பெயர் சொல்லக்கூடியவருக்குத் தம் வீட்டுத் தரை என்ன நிறம் என்றுகூட அப்போது தெரியவில்லை.

கிளம்பும்போது முதலாளியம்மாவுக்கு ஓர் ஆசை வந்தது. "அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டுப்பா. ஒரு நிமிஷம் அவரை நெனச்சுட்டுக் கிளம்புறேன்." ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, முந்தின நாள் கடைசி கஸ்டமருக்கு வைத்த நாய்தான் போனில் இருந்தது. இத்தனை வருஷம் வழுக்காத கட்டைவிரல் வழுக்கியது. மாடிப்படி வந்தது, மகளின் பொக்கை வாய் வந்தது, கடைசியில் மெழுகுவர்த்தியோடு அப்பா வந்தார். போனை டீ மேசையின் நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

முதலாளியம்மா எழுந்து தலை தாழ்த்தி நின்றார். அவர் நின்றதால் மருமகளும் நின்றார். மருமகளின் கண் படத்தில் இல்லை, புருஷன் மேல் இருந்தது. பெரியவரும் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, திரை மங்கி, படம் அணைந்துபோயிற்று. முதலாளியம்மா ஏமாற்றத்தோடு நிமிர்ந்தார். எல்லாரும் சேனலைப் பார்த்தார்கள். அவர் கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின.

பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒற்றை விரலால் திரையைத் தொட்டு, தம் முகத்தை மறுபடியும் ஏற்றிவைத்தார்.