உள்ளங்கைத் தராசு

"எழுபது... எழுபத்தஞ்சு கிராம். அதுக்கு மேல இருக்காது."

என் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கி, உள்ளங்கையில் போட்டு, இரண்டு தடவை மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் அத்தான். சமையலறைத் தராசில் வைத்தால் எழுபத்து மூன்று காட்டுகிறது. முகத்தில் அப்படியொரு வெற்றிக் களை! எது கையில் கிடைத்தாலும் இதே வேலைதான். சோப்பு, செருப்பு, டிவி ரிமோட் எதுவும் தப்பாது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்கிப் பார்த்து, "நாலரை கிலோ. இன்னும் கொஞ்சம் ஏறணும்" என்று சொல்லிவிட்டார். குழந்தையின் அம்மா அதற்குப் பிறகு இவர் கண்ணில் அதைக் காட்டுவதே இல்லை.

என் அக்காவின் வீட்டுக்காரர். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. மெழுகும் பொடியும் இம்மி பிசகாமல் எடுத்துப் பழகிய கை. அந்தக் கையோடு சும்மா இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் பந்தயம் ஓட்டுகிறார். சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டுகிறவர் இல்லை, சம்பளத்தைக் கொடுத்துவிட்டு ஓட்டுகிறவர்.

பந்தயத்துக்குக் காரும் தைரியமும் இருந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நுழைவுக் கட்டணம் உண்டு, லைசென்ஸ் உண்டு, உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்க வேண்டும். மண்டை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. ஹெல்மெட்டுக்கு, மாத்திரைக்குப் போட்டிருப்பதுபோல, காலாவதித் தேதி இருக்கிறதாம். கீறல்கூட விழாத ஹெல்மெட்டைப் பரணில் போட்டுவிட்டுப் புதிது வாங்கினார். டயர் இரண்டு பந்தயத்தில் மொட்டையாகிவிடும். ஒரு தடவை முதல் வளைவிலேயே மண்ணில் இறங்கி நின்றுவிட்டார். கட்டிய பணத்தில் பாதியாவது திரும்ப வருமா என்று கேட்டேன்.

"அதெப்படி மாப்ளே தருவாங்க? அதான் ஸ்டார்ட் ஆயிடுச்சுல்ல!"

தப்பு என்னுடையதுபோல அவருக்குக் கோபம் வேறு. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு பரிசு வாங்கியிருக்கிறார். மூன்றாவது இடம். ஒரு பிளாஸ்டிக் கோப்பையும் ஒரு டப்பா இன்ஜின் ஆயிலும் கொடுத்தார்கள். அந்த ஆயில் அவர் காருக்குச் சேராது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இதில் கொடுமை, வீட்டுக்கும் பந்தயத்துக்கும் ஒரே கார். எடை குறைந்தால்தான் வேகம் என்று முதலில் ரேடியோவைக் கழற்றினார். பிறகு தரை விரிப்பு, பின் சீட்டு. கதவுக் கைப்பிடியில்கூட ஓட்டை போட்டு கிராம் கிராமாகச் சுரண்டினார். லேசான பானெட் ஒன்றை ஏதோ கம்பெனியிலிருந்து வரவழைத்தார். விலையை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதனால் நாலு கிலோ குறைந்தது.

"அத்தான், உங்க தொப்பையக் குறைச்சா பைசா செலவில்லாம எட்டு கிலோ போகுமே?"

"டிரைவர் வெயிட்டு வேற கணக்கு மாப்ளே. உனக்குப் புரியாது."

எனக்குப் புரியவில்லைதான். கடைசியாக முன்பக்கம் அக்கா உட்காரும் சீட்டும் வெளியே வந்தது. அது இப்போது கூடத்தில் டிவிக்கு எதிரே கிடக்கிறது. அக்கா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறாள். நாளெல்லாம் நின்று நின்று வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு வந்து, தன் காரின் சீட்டில் சாய்ந்து, காலை ஸ்டூலில் நீட்டி, ஐஸ் பையை வைத்துக்கொள்வாள். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முழங்கால் ஆபரேஷன் இரண்டு தடவை தள்ளிப்போனது. முதல் தடவை அதற்குச் சேர்த்த பணம் பானெட் ஆனது. இரண்டாம் தடவை கியர்பாக்ஸ் ஆனது. அப்போதும் பணம் போதாமல், அக்கா கையிலிருந்த நாலு வளையலில் இரண்டு விற்பனைக்குப் போயின. "சீசன் முடியட்டும், ரெண்டுக்கு நாலா வாங்கித் தரேன்" என்றார் அத்தான்.

"எந்த சீசன்னு கேளுடா" என்று அக்கா என்னிடம் சொன்னாள். "வளையலும் வெயிட்டுதானே. என்னையும் லேசாக்கிட்டாரு."

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

மூன்றாவது தடவை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனியும் தள்ளினால் கால் நேராவது சந்தேகம். அவர் குறித்த தேதியில்தான் சீசனின் கடைசிப் பந்தயமும் வந்து தொலைந்தது. கட்டணம் கட்டியாகிவிட்டது, புது டயரும் மாட்டியாகிவிட்டது. "இந்தத் தடவையும் ஏதாவது சாக்கு சொன்னீங்க, நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று கத்தினேன். அவர் மேஜைமேல் இருந்த உப்பு டப்பாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இந்த ஆளை என்ன செய்வது?

அன்று காலை டாக்சி பிடிக்கும் யோசனையோடு போனேன். வாசலில் கார் கதவு திறந்திருந்தது. இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அத்தான் உள்ளே குப்புறப் படுத்து அக்காவின் சீட்டுக்கு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார்.

"பதினாலு கிலோ" என்று முனகியபடியே எழுந்தார்.

"அப்ப பந்தயம்?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

திருந்திவிட்டார் என்று ஒரு நொடிகூட நம்ப விடமாட்டார் மனிதர். சீட்டில்லாத பின்பக்கத்தில், வெறும் தகரத்தில், பந்தயத்துக்காகப் பொருத்தியிருந்த இரும்புக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குந்தினேன். ஒவ்வொரு பள்ளமும் என் முதுகெலும்பில் இறங்கியது. பாதி வழியில் அத்தான் பெருமூச்சு விட்டார்.

"இந்நேரம் எல்லாரும் லைன்ல நிப்பானுங்க."

"வேணும்னா என்னை இங்கயே எறக்கி விட்டுட்டுப் போங்க. நான் பஸ்ல போய்க்கறேன்" என்றாள் அக்கா. அவர் கியரை மாற்றி வண்டியை விரட்டினார்.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பச்சை உடையில் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். நகை எதுவும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் எல்லாவற்றையும் கழற்றினார். தோடு, மோதிரம், மிச்சமிருந்த இரண்டு வளையல். சின்னக் காகிதக் கவரில் போட்டு அத்தானிடம் நீட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க சார்."

தள்ளுவண்டி உள்ளே போனது, கதவு மூடிக்கொண்டது. அத்தான் கவரை உள்ளங்கையில் வைத்தார். கை தன்னால் ஒரு தடவை தூக்கியது. இன்னொரு தடவை தூக்கியது. இதோ சொல்லப்போகிறார், சொன்னால் இங்கேயே நாலு பேர் முன்னால் இவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தார். எண் வரவில்லை. மறுபடி தூக்கிப் பார்த்தார். பிறகு கவரை இடது கைக்கு மாற்றி, அந்தக் கையிலும் தூக்கிப் பார்த்தார்.