தூக்கித் திறக்கிற கதவு

எங்கள் வீட்டில் புதிதாக வாங்கிய அலங்காரப் பொருள் என்று ஒன்றுகூடக் கிடையாது. சுவர்க் கடிகாரம், பூச்சாடி, போட்டோ சட்டம், செருப்பு ஸ்டாண்டு எல்லாமே தருமபுரியின் பழைய சாமான் கடைகளில் பொறுக்கியவை. வாங்கி வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, காய்ந்ததும் எனாமல் பெயிண்ட் பூசி மாட்டிவிடுவேன். நான் பிரஷ்ஷும் டப்பாவுமாக மொட்டை மாடியில் உட்கார்ந்துவிட்டால் என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டார். எங்கே தேய்க்கச் சொல்லிவிடுவேனோ என்று பயம். சொந்தக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் காயலான் கடைக்காரி.

எல்லோரையும்விட அதிகம் கேலி செய்தவள் என் தங்கைதான். "மாமாவுக்கும் ஒரு கோட்டிங் அடிச்சு வுடுக்கா, பளபளன்னு இருப்பாரு" என்பாள்.

அவளை இண்டூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். போன வருடம் மஞ்சள் காமாலை முற்றி இறந்துபோனாள். இரண்டாவது படிக்கிற ஒரு பெண் குழந்தை. அவளுக்காகத்தான் என்று சொல்லி, வருடம் திரும்பியதும் மாப்பிள்ளைக்கு இன்னொரு கல்யாணம் பேசினார்கள். பிள்ளைக்குத் தலை பின்னிவிட ஆள் வேண்டாமா என்று என் புத்திக்குத் தெரிந்தது. வயிறுதான் எரிந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் தங்கையின் மாமியார் அவளுடைய சாமான்களையெல்லாம் வீட்டைவிட்டு அப்புறப்படுத்தினார். மூத்த தாரம் புழங்கிய சாமான் எதுவும் வருகிறவளின் கண்ணில் படக்கூடாது, பட்டால் வருகிறவளுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பயம் உண்டு. தங்கையின் படம் மட்டும் சாமி அறைக்குப் போனது. புதுப்பெண் அதற்குப் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பு பற்ற வைக்க வேண்டும் என்றார்கள். கும்பிடுவதற்கு அவள் வேண்டும், அவள் முகம் பார்த்த கண்ணாடி ஆகாது. இந்தக் கணக்கு எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் குழந்தை தன் அப்பாவின் போனில் என்னைக் கூப்பிட்டாள். "பெரியம்மா, அம்மாவோட கண்ணாடிய ஆட்டோவுல ஏத்திட்டாங்க" என்றாள். அழவில்லை. போனை வைத்துவிட்டாள்.

அது சீர்வரிசையில் நாங்கள் கொடுத்தது. சுவரில் மாட்டுகிற சின்ன மர அலமாரி, கதவில் கண்ணாடி பதித்தது. உள்ளே பவுடர், சீப்பு, ரப்பர் பேண்டு. படுக்கப்போகும்போது தங்கை நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவைப்பாள். இடுப்பில் இருக்கும் குழந்தை தன் பொட்டைக் கதவின் உள்பக்கம் ஒட்டும். ஆளுக்கு ஒரு பக்கம்.

தருமபுரிக்குத்தான் விற்க அனுப்பியிருப்பார்கள் என்று மறுநாள் காலையில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கினேன். நான் வழக்கமாக வாங்கும் கடையிலேயே, ஓட்டை மிக்சிகளுக்கு நடுவில் அது சாய்ந்து நின்றது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"பொட்டா ஒட்டிக் கெடந்துச்சுங்கக்கா. எங்கூட்ல பிளேடு வச்சு சொரண்டிடுச்சு. பொட்டோட இருந்தா எவன் வாங்குவான்?" என்றார் கடைக்காரர்.

நியாயம்தான். எத்தனையோ கண்ணாடிகளில் யார் யாருடைய பொட்டையோ நானே சுரண்டியிருக்கிறேன். அங்கேயே நின்று அழுதேன். அவர் பயந்துபோய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அலமாரிக் கதவைத் திறந்தால் உள்பக்கம் கீழ் மூலையில் குழந்தையின் பொட்டுகள், சின்னச் சின்னதாக, அப்படியே இருந்தன. கடைக்காரரின் மனைவி உள்ளே பார்க்கவில்லை. அப்போது முடிவு செய்தேன், இது குழந்தையிடமே போக வேண்டும். பழைய நிறத்தோடு போனால் மாமியார் வாசலிலேயே திருப்பிவிடுவார். ஆகவே ஆளே தெரியாமல் மாற்ற வேண்டும்.

பழைய வார்னிஷை மரம் தெரியும்வரை தேய்த்தேன். சட்டத்தின் மேலே ஆணியடித்திருந்த மர மயிலைப் பெயர்த்து எடுத்துவிட்டு, ஆணி ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்தேன். மாம்பழ மஞ்சளில் இரண்டு கோட். உள்பக்கம் கை வைக்கவில்லை. நான் பெயிண்ட் அடித்த பொருள்களில் அழகாக வந்தது அதுதான். அதைப் பார்க்கப் பார்க்க என் தங்கையை நானும் ஒருமுறை சுரண்டி எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

கல்யாணமெல்லாம் முடிந்த பிறகு, குழந்தையின் பிறந்தநாளுக்கு அதைக் கட்டி எடுத்துக்கொண்டு இண்டூர் பஸ் ஏறினேன். மாமியார் பிரித்துப் பார்த்தார்.

"பழசா? புள்ளைக்கி புதுசா ஒண்ணு வாங்கியாரக் கூடாதா கண்ணு?"

"எங்கூட்ல எது அத்தை புதுசு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் பெயர் கெட்டிருந்தது அன்றைக்கு உதவியது.

மாமியார் கதவை இழுத்தார். வரவில்லை. மாப்பிள்ளை இழுத்தார், அவருக்கும் வரவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கதவின் கீல் எப்போதோ தொங்கிப்போனது. அடியில் விரல் கொடுத்துக் கொஞ்சம் தூக்கித்தான் திறக்க வேண்டும். அந்த வீட்டில் அதைத் திறந்து புழங்கியவர்கள் தங்கையும் குழந்தையும் மட்டும்தான். நான் பெயிண்ட் அடித்தபோதெல்லாம் தூக்கியே திறந்ததால் அதைச் சரிசெய்ய வேண்டுமென்றே தோன்றவில்லை.

குழந்தை முன்னால் வந்தாள். அடியில் விரல் கொடுத்தாள், தூக்கினாள், திறந்தாள். ஒரு கை நுழையும் அளவுக்குத்தான். உள்ளே கையை விட்டு மூலையைத் தடவினாள். பிறகு மூடினாள்.

"ஒனக்கெப்புட்றீ தெரியும்?" என்றார் மாமியார்.

"எங்க ஸ்கூல்ல ஒரு பீரோ இப்படித்தான் இருக்கும் ஆயா" என்றாள் பாட்டியிடம்.

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என் தங்கைக்குப் பொய்யே வராது, வாயைத் திறந்தாலே சிரித்து மாட்டிக்கொள்வாள். அவள் பெற்றதுக்கு இவ்வளவு சுத்தமாகப் பொய் வருகிறது.

புதிதாக வந்த பெண் காபி டம்ளரோடு அங்கேதான் நின்றிருந்தாள். குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையிடம், "மேல மாட்டாதீங்க. பாப்பாவுக்கு எட்டுற மாதிரி அடிங்க ஆணிய" என்றாள். அவளை நான் அதுவரை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

பஸ் ஏற்றிவிட வந்த குழந்தை என் முந்தானையை இழுத்துக் குனியச் சொன்னாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் பெரியம்மா. நீங்களும் அழாதீங்க, கண்டுபுடிச்சிருவாங்க."

அழாமல்தான் ஏறினேன். பஸ் ஊரைத் தாண்டும்வரை அழவில்லை.