அசையாத விரல்

பாகூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் தையல் கடை. நான் தைப்பேன், தம்பி வெட்டுவான். ஏரிக்கரை விவசாயிகள் கல்யாணச் சட்டைக்குக்கூட டவுனுக்குப் போகாமல் எங்களிடம் துணி கொடுத்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அவன் கத்தரி. என் மெஷின் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எதிர் டீக்கடையில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், கரும்பு போடுகிறவர், செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஏதோ தூர தேசத்தில் பள்ளிவாசலுக்குள் குண்டு. வைத்தவனும் முஸ்லிம், செத்தவர்களும் முஸ்லிம்கள். பிரிவுதான் வேறு.

“பாய், தப்பா நெனைக்காதீங்க. தொழுதுக்கினு இருந்தவங்க மேலயே வச்சிக்கிறான். ரெண்டு பேரும் உங்க ஆளுங்கதானே, இன்னாத்துக்கு?”

ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிற நான், இந்தக் கேள்விக்கு மட்டும் ரெடிமேட் பதில்தான் வைத்திருந்தேன். “அது மதம் இல்லீங்க, அரசியல். எண்ணெய்க் கிணறு, ஆயுத வியாபாரம், பெரிய நாடுங்க ஆடற ஆட்டம்.” பக்கத்திலிருந்த தம்பி, “குர்ஆனை ஒழுங்கா படிச்சவன் இத செய்ய மாட்டாண்ணே” என்று சேர்த்துக்கொண்டான். அவர் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தார். நம்பினாரா என்று தெரியாது.

தம்பி அப்போது, தர்காவே கூடாது என்று புதிதாகக் கிளம்பிய கூட்டத்தோடு சேர்ந்திருந்தான். அவனை நல்ல பிள்ளை என்று காட்ட நான் இதை எழுதவில்லை. தர்காவுக்கு நேர்ந்துகொண்டு அம்மா ஆக்கிய சோற்றைத் தள்ளிவிட்டு, “அல்லாவுக்கு இணை வைக்கிற சோறு இது. நீ நரகத்துக்குத்தான் போவ” என்று சொன்னவன் அவன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெற்றவளை நரகத்துக்கு அனுப்புகிற அதிகாரத்தை இவனுக்கு யார் கொடுத்தார்கள் என்று எனக்கு அன்றே பற்றிக்கொண்டு வந்தது.

தொழுகையில் உட்காரும்போது, இறைவன் ஒருவனே என்பதற்குச் சாட்சியாக வலது கை ஆட்காட்டி விரலை நீட்டுவோம். எங்கள் பழைய ஜமாஅத்தில் அதை ஒருமுறை உயர்த்தி அப்படியே வைத்திருப்பார்கள். புதுக் கூட்டத்தார் முடிகிற வரைக்கும் அசைத்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டு தரப்பும் நபி சொன்னது, செய்தது என்று ஹதீஸ் காட்டும். சண்டை இவ்வளவுதான். விரல் அளவு சண்டை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பெரியத்தா எழுந்து பேசினார். எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், அண்ணன். பள்ளிவாசலை நிர்வகிக்கிற முத்தவல்லியும் அவர்தான். குண்டு வைத்தவனைக் கண்டித்தார். இஸ்லாம் என்றாலே அமைதி என்றார். தொழுகிறவன் மேல் கை வைக்கிறவன் நம்மைச் சேர்ந்தவனே இல்லை என்றார். பேசும்போது குரல் உடைந்தது. நடிப்பு இல்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அதே நாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அவர் பக்கத்தில் தம்பி நின்றான். உட்கார்ந்ததும் விரல் அசைய ஆரம்பித்தது. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த கையோடு பெரியத்தா திரும்பினார், அந்த விரலைப் பிடித்தார், பின்பக்கமாக மடக்கினார்.

“அசைப்பியா? எத்தினி வாட்டி சொன்னேன், அசைப்பியாடா?”

முருங்கைக் குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். நான் பாய்ந்து இழுத்தேன். வேறு யாரும் வரவில்லை. பின்னாலிருந்து ஒருவர், “இவனுக்கு வேணும்” என்றார். தஸ்பீஹ் மணி உருட்டியவர்கள் உருட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தப் பள்ளிவாசலில் எண்ணெய்க் கிணறு இல்லை. வல்லரசு எதுவும் வரிசையில் நிற்கவில்லை. சொத்துத் தகராறோ தேர்தல் பகையோ கிடையாது. சின்ன வயதில் தம்பியைத் தோளில் உட்காரவைத்து தர்கா சந்தனக்கூடு காட்டிய மனிதர் அவர். மதம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று டிவியில் கத்துகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு ஆகாது. அவர்களுக்கு எங்கள் மேல் உள்ள அக்கறை எனக்குத் தெரியும். ஆனால் மதத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று வாய் கூசாமல் சொல்லவும் இனி என்னால் முடியாது. கோபம் அவருடையது, சரி. ஒடித்துவிட்டு அதைப் புண்ணியமென்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக ஒரு மனிதருக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது?

மாவுக்கட்டோடு தம்பி டீக்கடைக்கு வந்தான். “கையில இன்னாபா?” என்று கேட்டார் கரும்புக்காரர்.

“டூவீலர்ல விழுந்துட்டேங்க.”

பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியத்தா, “பாத்துப் போவணும்பா” என்றார். வெளியாள் முன்னால் மட்டும் எப்படித்தான் இவர்கள் ஒரே ஜமாஅத் ஆகிவிடுகிறார்களோ.

கட்டைப் பிரித்த பிறகு விரல் மடங்கவில்லை. மூட்டு இறுகிவிட்டது, இனி இப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த விரல் மடங்காமல் பெரிய கத்தரி பிடியில் நிற்காது. தம்பி தினமும் பழைய துணியில் வெட்டிப் பார்ப்பான். கோடு ஒரு பக்கம் போகும், கத்தரி ஒரு பக்கம் போகும். துணியைச் சுருட்டி மேசைக்கடியில் எறிவான். பிறகு பொத்தான் தைக்க உட்கார்ந்துகொள்வான்.

நோன்புப் பெருநாளுக்கு முன் பெரியத்தா வெள்ளைத் துணியோடு கடைக்கு வந்தார். எதுவுமே நடக்காதது மாதிரி மேசைமேல் வைத்தார்.

“தம்பி வெட்டுனாதான்டா எனக்கு காலர் நிக்கும்.”

தம்பி வலது கையைத் துணிமேல் வைத்தான். நான்கு விரல் மடங்கியது, ஒன்று மட்டும் அவரைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது.

“இன்னும் சரியாவலயா?” என்றார்.

“அசையக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க பெரியத்தா. இப்ப அசையறதில்ல.”

அவர் துணியை எடுக்காமலே படியிறங்கிப் போனார். நான்தான் வெட்டித் தைத்துக் கொடுத்தனுப்பினேன். பெருநாளன்று அதைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் நின்றார், அமைதியைப் பற்றிப் பேசினார். காலர் நிற்கவில்லை.